கம்பெனி வாசலில் உடைத்த தேங்காய்

வாய்க்கொழுப்புக்கு வெளிநாட்டுப் பயணம் பரிசாகக் கிடைக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், இருபது வயதிலேயே பாஸ்போர்ட் எடுத்திருப்பேன்.

நான் சங்ககிரிக்காரன். ஒற்றை லாரிக்கு ஓனர், அதற்கு டிரைவரும் நானே. என் லாரி மாடலை வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதில் இலங்கைக்காரர்களும் நாலைந்து பேர். அவர்களில் ஒருவர் யோகன், மட்டக்களப்புப் பக்கம் பழுகாமத்துக்காரர். ஒரு நாள் அழாத குறையாக ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தார். இன்ஜின் விளக்கு எரிகிறதாம். லாரி மாட்டு வண்டி வேகத்துக்கு மேல் போகமாட்டேன் என்கிறதாம். டீலர் கம்பெனியில் பார்த்துவிட்டு கிராங்க் சென்சார் போய்விட்டது, கொழும்பிலிருந்து வரவேண்டும் என்று வாரக்கணக்கில் இழுத்தடிக்கிறார்களாம். நான் பவானி பக்கம் ஒரு கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "இதெல்லாம் ஒரு வேலையா தம்பி? நான் அங்கே இருந்தால் ஒரு மணி நேரத்தில் ஓட வைத்துவிடுவேன்" என்று பதில் போட்டேன். டீ கிளாஸ் கையில் இருக்கும்போது வரும் தைரியம் தனி ரகம்.

"அப்ப எப்ப வாறீங்க அண்ணன்?" என்று மறுநாள் யோகன் கேட்டார்.

குழுவில் இருந்த அத்தனை பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். இனி பின்வாங்கினால் எந்த டோல்கேட்டிலும் தலை காட்ட முடியாது. வீட்டில் சொன்னேன். "ஏனுங்க, நம்ம வண்டிக்கு பிரேக் லைட் எரியறதில்லைன்னு எத்தனை நாளா சொல்றேன். அதை விட்டுட்டுக் கடல் தாண்டிப் போய் வைத்தியம் பாக்கப் போறீங்களா?" என்றாள் என் மனைவி. கேட்டுவிட்டு, நான் வாங்கி வந்த புது சென்சாரை ஒரு பழைய துண்டில் சுற்றிப் பெட்டியில் அவளே வைத்தாள்.

கட்டைவிரல் பருமனில், பின்னால் வயர் வால் தொங்கும் ஒரு சாமான் அது. இன்ஜின் சுற்றுகிறதா என்று நாடி பிடித்துப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. கொழும்பு விமான நிலையத்தில் ஒரு அதிகாரி துண்டைப் பிரித்தார். முகம் மாறியது. இது என்ன என்றார். சென்சார் என்றேன். எதற்கு என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அங்கே தீர்ந்துபோனது. ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு, வாயால் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, அது திக்கித் திணறி நிற்பதுவரை செய்து காட்டினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அதிகாரி சென்சாரைத் துண்டிலேயே சுற்றித் திருப்பித் தந்தார். அவருடைய மைத்துனருக்கும் ஒரு லாரி இருக்கிறதாம். இத்தனை அனுதாபத்தோடு ஒரு அரசாங்க அதிகாரி என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மட்டக்களப்புக்கு ரயில். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இறாலை முழுசாக மேலே பதித்துப் பொரித்த வடை ஏறி வந்தது. எங்கள் ஊரில் வடைக்கு நடுவில் ஓட்டை போடுவோம், இவர்கள் அந்த இடத்தில் இறாலை உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டு தின்றேன், பிறகு இன்னும் இரண்டு. வெலிகந்தை தாண்டிக் காட்டுக்குள் ரயில் நின்றுவிட்டது. எதிர் இருக்கைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த பெண் எனக்குத் தமிழில் சொன்னாள்: "யானையாம். தண்டவாளத்தில நிக்குதாம். அது போகக்குள்ள நாமளும் போவமாம்."

யாரும் கோபப்படவில்லை, யாரும் கைபேசியை எடுத்து யாரையும் திட்டவில்லை. பொறுமை என்றால் என்ன என்று எனக்குக் காட்டவே அந்த யானையை நிறுத்தியிருந்தார்கள் போல. யோகனின் டீலர் ஏன் அவ்வளவு தைரியமாகக் காக்க வைக்கிறான் என்பதும் அங்கே எனக்கு விளங்கியது.

மட்டக்களப்பு ஸ்டேஷனில் யோகன் மோட்டார் சைக்கிளோடு நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள், சட்டை கஞ்சி போட்டுத் தேய்த்தது, செருப்பு பளபள. என் பெட்டியைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஓட்டினார். வலது கைப்பக்கம் வாவி கூடவே வந்தது. இங்கே காயலை வாவி என்கிறார்கள். களுவாஞ்சிக்குடியில் இறங்கிப் பால் ஊற்றாத பிளேன்டீயும், பணிசு என்று மீன் வைத்த பன்னும் வாங்கித் தந்தார். பிறகு பட்டிருப்புப் பாலத்தில் ஏறினோம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுக்கிற கரை. ஊருக்கு இவ்வளவு அழகாகப் பேர் வைத்தவர்கள் ரோட்டுக்குத் தார் வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பெட்டி இரண்டு முறை விழுந்தது.

யோகனின் வீட்டு முற்றத்தில் லாரியைப் பார்த்ததும் நான் அசந்துபோனேன். நெல் ஏற்றும் லாரி என்று நம்ப முடியவில்லை. சக்கரத்து நட்டுகூட மின்னியது. நெற்றியில் 'கண்ணகை அம்மன் துணை' என்ற எழுத்தில் ஒரு தூசி இல்லை. கேபினைத் தூக்கினேன். இன்ஜின் சமையலறை எவர்சில்வர் மாதிரி இருந்தது.

"இவர் என்னைக்கூட இப்பிடிக் கவனிச்சதில்ல அண்ணன். ஒரு பொட்டுச் சேறு இரிந்தா நித்திரை வராது இவருக்கு" என்றாள் யோகனின் மனைவி சுகந்தி.

சாப்பாடு போட்டாள். பிட்டு, இறால் பொரியல், நண்டுக் குழம்பு, கூனி என்று பொடி இறாலில் ஒரு சுண்டல். முடிவில் சட்டியோடு எருமைத் தயிர் வந்தது. கரண்டியைக் குத்தினால் நிற்கிறது. அதன் தலையில் சீனியைக் கொட்டி "சாப்பிடுங்க" என்றாள். எங்கள் ஊரில் தயிர் என்று விற்பதை இவளிடம் காட்டினால் கை கழுவத்தான் தண்ணீர் கொடுத்தேன் என்று நினைப்பாள். மூன்றாம் தடவை தயிருக்குக் கை நீட்டியபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். யோகன் தட்டோடு எழுந்துவிட்டார்.

வந்தவர் வட்டவிதானையார். இங்கே ஒரு வயல்வெளியை வட்டை என்கிறார்கள். அந்த வட்டைக்குத் தண்ணீர் விடுவது, அறுவடைக்கு நாள் வைப்பது எல்லாம் இவர் பொறுப்பு. பெரிய மீசை, சின்னக் குரல். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"யோகன், வெள்ளிக்கிழம வெட்டு மெசின் எங்கட வட்டைக்கு இறங்குது. வானம் மறுகாக் கறுத்துக்கொண்டு வருகுது. போன முறை மாதிரி நெல்ல நனைய விட ஏலாது. வெள்ளி காலம உன்ட லொறி வந்தா வரட்டும். வராட்டி களுவாஞ்சிக்குடி ஆக்களக் கூப்பிட்டிருவன். புறகு ஒரு போகத்துக்கும் உன்ன ஒருத்தரும் தேட மாட்டாங்க."

அவர் போன பிறகு யோகன் சாப்பிடவில்லை. கதையைச் சுகந்திதான் சொன்னாள். போன அறுவடைக்கு முன்னால், நல்லபடியாக ஓடட்டும் என்றுதான் லாரியைக் கம்பெனிக்குச் சர்வீசுக்குக் கொண்டுபோனார்கள். கம்பெனி வாசலில் அது நின்றுவிட்டது. உள்ளே தள்ளிக்கொண்டு போய், ஏதோ ஒரு சென்சார் என்றார்கள், இன்னொரு சென்சார் என்றார்கள். பத்து லாரி வைத்திருக்கிற முதலாளிகளின் வண்டிகள் முன்னால் போயின, ஒற்றை லாரி மூலையில் நின்றது. இங்கே மழை பிடித்துக்கொண்டது. இவரை நம்பி வரம்பில் அடுக்கிய மூட்டைகள் நனைந்து, நெல் மூட்டைக்குள்ளேயே முளைத்துவிட்டது.

"ஒருத்தரும் ஏசல்ல அண்ணன். அதுதான் இவருக்குத் தாங்க ஏலாமப் போச்சு. இந்த முறையும் விட்டா லொறிய விக்கத்தான் வேணும். லொறிய வித்துப்போட்டு இவர் என்னத்தச் செய்வார்?" என்றாள்.

தயிரைத் தள்ளி வைத்தேன். என் தெருவிலும் இப்படி ஒருவன் இருந்தான். சொந்த லாரியை விற்றுவிட்டு, அதே லாரியை இன்னொருவனுக்கு டிரைவராக ஓட்டினான். அவன் ஹாரன் அடித்தால் நாங்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டோம். அவன் முகத்தைப் பார்க்க முடியாது.

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு லாரிக்குக் கீழே நுழைந்தேன். பழைய சென்சாரின் வயர் இணைப்பு கல் மாதிரி இறுகியிருந்தது. ஆட்டி அசைத்துப் பிடுங்கி, புதியதை மாட்டி, இரண்டு மூன்று தடவை செருகி எடுத்துச் செருகினேன். யோகன் சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது, அணைந்தது, அணைந்தே இருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தார். கோழிகள் வேலி தாண்டி ஓடின. சொன்னபடி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. படம் எடுத்துக் குழுவிலும் வீட்டுக்கும் போட்டேன். கட்டைவிரல்கள் குவிந்தன. என் மனைவி மட்டும் "பிரேக் லைட்?" என்று எழுதியிருந்தாள்.

அத்தோடு நான் ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் லாரி இன்னும் வாரண்டியில் இருந்தது. வெளி ஆள் சாமான் மாட்டினால், கம்பெனி கம்ப்யூட்டரில் காட்டிப் பதியவேண்டுமாம், இல்லாவிட்டால் வாரண்டி போய்விடுமாம். "நாளைக்கு ஒருக்காப் போய்க் காட்டித்து வந்திருவம் அண்ணன். மடியில பயத்த வெச்சிக்கொண்டு நெல்லு ஏத்த ஏலாது" என்றார் யோகன். அதில் எனக்கும் நியாயம் தெரிந்தது. ஒரு தடவை வாரண்டி இல்லாமல் இன்ஜின் கழற்றியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

புதன்கிழமை காலை பறந்தோம். பாலத்தில் யோகன் பாடிக்கொண்டே ஓட்டினார். கம்பெனி மட்டக்களப்பு டவுனுக்குள் நுழைவதற்கு முன்பே கல்முனை ரோட்டில் இருக்கிறது. ஆனால் நேரே உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்கம் வாவிக்கரையில் லாரி கழுவும் இடம் ஒன்று. அங்கே திருப்பினார்.

"ஏன் தம்பி? நேற்றுத்தான் முகம் பார்க்கிற மாதிரி இருந்ததே?"

"வழியில தூசி பட்டிரிக்கே அண்ணன். கழுவாட்டி உள்ளுக்கு விடமாட்டாங்க."

உண்மைதான். கம்பெனி வாசலில் மூன்று மொழியிலும் பலகை: கழுவப்படாத வாகனங்கள் அனுமதிக்கப்படமாட்டா. உள்ளே வெள்ளை டைல்ஸ் தரை, கல்யாண மண்டபம் தோற்றது. கழுவுகிற இடத்துக்காரர் யோகனுக்குப் பழக்கம். கம்பெனிக்குப் போகிற வண்டி என்றால் இன்ஜினையும் நன்றாக அடித்துக் கொடுப்பாராம். "கொம்பனிக்காரன் கை வைக்கிற இடம், வடிவா இரிக்க வேணும்" என்று கேபினைத் தூக்கி, பம்பு வைத்துப் பீய்ச்சினார். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. டாக்டரிடம் போகும்போது குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு போகிற சாதிதான் நானும். ஆயுத பூஜைக்கு நானும் இன்ஜினை இப்படித்தான் குளிப்பாட்டுகிறேன். இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் அடியுங்கள் என்று வேறு கை காட்டினேன்.

அங்கிருந்து ரோட்டைத் தாண்டினால் கம்பெனி. வாசலை ஒட்டி ஒரு சின்ன சூலம், மஞ்சள் பூசிய ஒரு கல், சுற்றிலும் தேங்காய்ச் சிரட்டை. யோகன் இறங்கி, கேபினிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தார்.

"இது எதுக்கு?"

"வைரவருக்கு அண்ணன். இந்த வாசல்ல எல்லா லொறியும் நிண்டு போகும். தேங்கா உடைச்சாத்தான் கொஞ்சம் இரங்குவார்."

வாசல்காவலுக்கு ஒரு வயதானவர். வாச்சர் என்று கூப்பிடுகிறார்கள். அவர் விளக்கம் சொன்னார். போன வருடம் டைல்ஸ் பதிக்கிறதற்காக இந்த இடத்தில் நின்ற வேம்பைத் தறித்தார்கள். வேம்பில் வைரவர் இருந்தார். அன்றிலிருந்து கழுவித் துடைத்துக் கொண்டுவருகிற லாரியெல்லாம் இந்த வாசலில் மூச்சை விடுகிறது. இந்துக்கள் தேங்காய் உடைக்கிறார்கள், வேதக்காரர்கள் மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். தள்ளுவதற்கென்றே கம்பெனி ஆள் வைத்திருக்கிறது.

நான் சிரித்தேன். யோகன் தேங்காயை உடைத்தார், நல்ல உடைவு, சரி பாதி. ஏறி கியர் போட்டார். முன்சக்கரம் டைல்ஸைத் தொட்டது. விளக்கு எரிந்தது. இரண்டு குலுக்கல். நின்றுவிட்டது.

தள்ளுகிறவர்கள் சொல்லாமலே வந்தார்கள்.

யோகன் ஸ்டியரிங்கை விடவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. நானும் அவர்களோடு சேர்ந்து தள்ளினேன்.

உள்ளே மெக்கானிக், நிலந்த என்று பெயர், கொழும்பிலிருந்து புதிதாக மாறி வந்தவர், தமிழ் தெரியாது. கம்ப்யூட்டரை மாட்டினார். நான் மாட்டிய சென்சாரைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நீளமாகப் பேசினார். வரவேற்பில் இருந்த ஷெரின் என்ற பெண் மொழிபெயர்த்தாள்.

"சாமான் பிழையாம்."

"அவ்வளவு நேரம் பேசினாரே அம்மா?"

"மிச்சம் உங்களப் பத்தி, அங்கிள்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாமக்கல், சங்ககிரி என்று ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு லாரி எலக்ட்ரீஷியன், நடுரோட்டில் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றுவோம், உங்களைப்போல டைல்ஸைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டோம் என்றெல்லாம் கத்தினேன். ஷெரின் அதைச் சிங்களத்தில் ஒரே ஒரு சொல்லில் முடித்தாள். நிலந்த தலையாட்டினார். அவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை தெரியாது.

சென்சார் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார்கள் திரும்பவும். அடுத்த வாரமாம். லாரியை மூலையில் நிறுத்தினார்கள், போன அறுவடைக்கு நின்ற அதே மூலை. பஸ்ஸில் திரும்பினோம். கண்டக்டர் ஏதோ பாட்டுப் போட்டார், யோகன் நிறுத்தச் சொன்னார். அவர் கோபப்பட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வானம் மேற்கே மைபோல இருந்தது.

வியாழக்கிழமை காலை நான் தனியாகவே கம்பெனிக்கு வந்து வாசலில் உட்கார்ந்தேன். உள்ளே போக வெட்கம். ஊருக்குப் போகவும் வெட்கம். வாச்சர் தன் பணிசில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். சூலத்தடியில் தேங்காய்ச் சிரட்டையெல்லாம் காகம் கொத்திக்கொண்டிருந்தது. பழைய சென்சாரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தேன்.

அப்போது ஒரு செங்கல் லாரி வந்தது. ஏறாவூர்க்காரராம், அண்ணனைக் காக்கா என்கிற ஊர். செம்மண் அப்பி, கலர் என்னவென்றே தெரியாத லாரி. இன்ஜின் மட்டும் தாளம் தப்பாமல் ஓடியது. நேரே வாசலுக்குள் ஏற்றினார், முன்சக்கரம் டைல்ஸில். வாச்சர் ஓடிப்போய்ப் பலகையைக் காட்டினார்.

"ஒயில் மாத்தத்தானே காக்கா வந்த நான்? அதுக்கும் குளிச்சித்து வரணுமா?"

"சட்டம் தம்பி. கழுவித்து வாங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டு பின்னால் எடுத்து, எதிரே வாவிக்கரைக்குப் போனார். நான் பணிசைத் தின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு நீலக் கலர் லாரி மின்னிக்கொண்டு வந்தது. அதே லாரி. ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுகொண்டேன். முன்சக்கரம் டைல்ஸைத் தொட்டது. இரண்டு குலுக்கல். நின்றது.

தள்ளுகிறவர்கள் எழுந்தார்கள். நான் பணிசைக் கீழே வைத்தேன்.

"ஐயா, அரைமணிக்கு முன்னால் இந்த லாரியை வைரவர் உள்ளே விட்டாரே?" என்றேன்.

வாச்சர் யோசித்தார். "ஓம். தேங்கா உடைக்காமலும் விட்டார்" என்றார், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

ஓடினேன். வெட்கமெல்லாம் எங்கே போனதோ தெரியாது, செருப்போடு டைல்ஸில் ஓடி நிலந்தவின் கையைப் பிடித்து இழுத்து வந்து செங்கல் லாரியின் கேபினைத் தூக்கச் சொன்னேன். வயர் இணைப்பு ஒன்றைப் பிடுங்கினேன். உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. நிலந்தவின் விரலிலும் தொட்டு வைத்தேன். அவரும் நாக்கில் வைத்தார். எங்கள் இருவருக்கும் பொதுமொழி அந்த உப்புதான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி எதிரே வாவிக்கரைப் பம்பைப் பார்த்தோம்.

வாவித் தண்ணீர், கடல் சேர்ந்த உவர்த்தண்ணீர். அதைப் பம்பு வைத்து இன்ஜினுக்குள் அடித்தால் வயர் வாய்க்குள் எல்லாம் உப்புக் குடியேறும். ஒரு நாள் ஒரு சென்சார் ஊமையாகும், இன்னொரு நாள் இன்னொன்று. அதனால்தான் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நோய் சொன்னது. டைல்ஸ் வந்தது, டைல்ஸுக்காகப் பலகை வந்தது, பலகைக்காகக் குளிப்பு வந்தது. வைரவர் பாவம், அவர்பாட்டுக்கு இருந்திருக்கிறார்.

மூலையில் நின்ற யோகன் லாரியின் இணைப்பையும் பிடுங்கினோம். உள்ளே பச்சையாய்க் களிம்பு. முதல் நாள் முற்றத்தில் நான் செருகி எடுத்துச் செருகியதில் அந்தக் களிம்பு கொஞ்சம் சுரண்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான் என் வைத்தியம். நிலந்த அதைச் சுத்தமாகச் சுரண்டினார். காற்றடிக்கும் மெஷின் பழுதாகி, அதுவும் சாமானுக்காகக் காத்திருந்தது. ஷெரின் மேசை டிராயரிலிருந்து தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கொண்டு வந்தாள். "பத்திரம், என்ட கலியாணத்துக்கு வாங்கினது" என்றாள். பத்து சக்கர வாகனங்களுக்கு உயிர் கொடுக்கும் அந்த இடத்தில், ஒரு கல்யாணப் பெண்ணின் மெஷினால் லாரிக்கு நிலந்த தலை துவட்டினார்.

எல்லாம் காய்ந்தபின் நிலந்த கையை நீட்டினார், என் பையிலிருந்த பழைய சென்சாரைக் கேட்டார். மாட்டினார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரே பிடியில் எழுந்தது. விளக்கு அணைந்தது.

பழைய சென்சாருக்கு ஒரு குறையும் இல்லை. நான் கடல் தாண்டிக் கொண்டுவந்த சாமானுக்கு ஒரு வேலையும் இல்லை. நிலந்த அதைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்து ஏதோ சொன்னார்.

"ஞாபகத்துக்கு வெச்சிக்கொள்ளட்டாம்" என்றாள் ஷெரின்.

யோகனுக்குப் போன் போட்டேன். லாரி ஓடுகிறது என்று சொன்னேன். பிறகு சுகந்தியின் குரல்: "மழை வரப்போகுது அண்ணன், கெதியா வாங்க. இவர் பஸ்ஸுக்கு ஓடிற்றார்." அவர் வந்து சேர்ந்தபோது லாரி வாசலுக்கு வெளியே உறுமிக்கொண்டு நின்றது. பழக்க தோஷத்தில் கையில் துணியோடு கண்ணாடியைத் துடைக்கப் போனார். நானும் வாச்சரும் சேர்ந்து அவர் கையைப் பிடித்தோம்.

வெள்ளிக்கிழமை காலை வட்டையில் மெஷின் இறங்கும்போது யோகனின் லாரி வரம்போரம் நின்றது. முந்தின நாள் பட்டிருப்புக்கு அப்பாலுள்ள பள்ளங்களில் ஒன்றையும் விடாமல் இறக்கி ஏற்றியிருந்தார். சக்கரம் முதல் கூரை வரை சேறு. கண்ணகை அம்மன் பேரில் 'துணை' மட்டும்தான் தெரிந்தது. வட்டவிதானையார் லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"யோகன், இது உன்ட லொறிதானா?"

"ஓம் மாமா."

முதல் மூட்டையை அவரே தூக்கிவிட்டார். பிறகு ஊரே ஏற்றியது. நானும் தூக்கினேன், இடுப்பு இன்னும் அதைச் சொல்கிறது. மத்தியானம் சுகந்தி வரம்பிலேயே சோறும் தயிரும் கொடுத்தாள். கடைசி நடைக்குப் படங்கை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது முதல் துளி விழுந்தது. நாங்கள் தார்ப்பாய் என்கிறதுதான் படங்கு. கட்டி முடித்ததும் கொட்டியது. லாரி மழையில் ஆலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற சுகந்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஒரு மூட்ட நனையல்ல" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். எனக்கும் கண் கலங்கியது. மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை யோகன் என்னை ஸ்டேஷனில் விட லாரியிலேயே கூட்டிவந்தார். மடியில் ஒரு சட்டித் தயிர். கிளம்பும்போது, ரயிலில் தளும்பும் என்று நான் சொன்னதற்கு "உங்கட ஊர்த் தயிருதான் தளும்பும்" என்றாள் சுகந்தி. வழியில் களுவாஞ்சிக்குடிச் சந்தையில் ஆட்கள் லாரியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவ்வளவு அசிங்கம். யோகன் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கம்பெனி தெரிந்தது. பலகை மேல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார்கள். வாசலில் சிரட்டை முன்னைவிட அதிகம். லாரிகள் நிற்காமல் போகத் தொடங்கியதற்கு, இந்தியாவிலிருந்து ஒருவர் வந்து வைரவரிடம் பேசிவிட்டுப் போனதுதான் காரணம் என்று வாச்சர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அதைக் கேட்டு எனக்கு வந்த எரிச்சலில் தயிர்ச்சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வாசலுக்கு நேரே வந்ததும் லாரி மெல்ல ஊர்ந்தது. பிறகு நின்றது.

"என்ன தம்பி? மறுபடியும் நின்றுபோச்சா?"

யோகன் கேபினிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தார். கதவைத் திறந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"அது நிக்கல்ல அண்ணன். நான்தான் நிப்பாட்டினன்" என்றார்.